சின்ன ர போட்ட கரி

அந்த அக்காவைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு மூட்டுகிறவர்கள் ஒரு வகை, ஊற்றாதவர்கள் இன்னொரு வகை. எங்கள் தோட்டத்தில் ஊற்றாதவர் அவர் ஒருவர்தான். ஆகவே யார் எந்த வகை என்று அவர் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மலாயாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போகும் பாதையில் இருந்த ரப்பர் தோட்டம் அது. அவர் அங்கே டோபி. பெயர் ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும், ஆனால் எல்லாருக்கும் டோபி அக்காதான். நாற்பது வயசு இருக்கும். வாயில் எந்நேரமும் வெற்றிலை. அதனால் அவர் நெருப்பை ஊதியதும் கிடையாது.

அழுக்குத் துணியை வெளுக்கிறவருக்கு ஆளைத் தெரியும் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் தன் மகளுக்கு அசாம் ஜாவா பக்கம் லோரி ஓட்டும் பையன் ஒருவனைப் பார்த்திருந்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவனைக் கொட்டகைக்கே அழைத்து வந்தார். அக்கா ஒன்றும் விசாரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு, தீப்பெட்டியையும் கையில் கொடுத்து, பற்றவை என்றார். பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெ எங்கக்கா இருக்கு?" என்று கேட்டான்.

"நல்ல பையன்தான் மண்டோரே. குடி இல்ல, சூது இல்ல. ஆனா மண்ணெண்ணெ ஆளு. பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டார்.

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் மண்டோர் கடைசிவரை அந்த மாப்பிள்ளையைத் தன் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் அண்ட விடவில்லை. பாவம், ஏன் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. இருபத்திரண்டு வயசு. எதையும் உடனே முடித்துவிட வேண்டும் எனக்கு. படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். துரை கேள்வி கேட்டு முடிப்பதற்குள் "யெஸ் சார்" என்று சொல்லியிருப்பேன். அக்கா என்னை ஒரே தடவை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சுத்தமான மண்ணெண்ணெ தம்பி. உனக்குத் தீக்குச்சிகூட வேணாம்," என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அவருடைய பகைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கரியில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாடை பெட்டியில் ஏறும், பெட்டியிலிருந்து துணியில் ஏறும், துணியிலிருந்து ஆள்மேல் ஏறும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்குப் போகிறவன் அடுப்பு மாதிரி நாறிக்கொண்டு போவான். இந்த அளவில் நிறுத்தியிருந்தால் தொழில் பக்தி என்று விட்டுவிடலாம். அவர் நிறுத்தவில்லை. குடும்பச் சண்டை, காய்ச்சல், பரீட்சையில் தோல்வி எல்லாவற்றுக்கும் அவரிடம் அதே ஒரு காரணம்தான் இருந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக்கூடாது என்று தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களின் தண்ணீர்ப் போத்தலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். கடையில் டின் சாமான் வாங்கினால், கடைக்காரர் அங்கேயே ஆணி அடித்து ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் சீக்கிரம் கெட்டுப்போகும், காட்டில் சேர்த்துவைக்க முடியாது என்பது சர்க்காரின் யோசனை. ஊரே புலம்பியது. அக்கா மட்டும், சர்க்காருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்றார். நெருப்பு மூட்ட அவருக்கு ஓட்டை டின் வேண்டியிருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு ராவுத்தர் மளிகைக்கடை வைத்திருந்தார். அக்கா அங்கே பெரிய பால்மாவு டின் ஒன்றை வாங்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். மாவைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு, டின்னை ராவுத்தரிடமே நீட்டினார்.

"ஆணி கையிலதான இருக்கு. அப்படியே அடியில சுத்தி ஒரு இருபது ஓட்டை போட்டுக் குடுங்க."

"சட்டத்துல ஒரு ஓட்டைதாம்மா இருக்கு."

"நல்லாத் தேடிப் பாருங்க. இன்னும் இருக்கும்."

ராவுத்தர் போட்டுக் கொடுத்தார். போட்டுக் கொடுக்கும்வரை அக்கா நகரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த டின்னில்தான் வித்தை. அதை இரண்டு கல்மேல் நிறுத்துவார். அடியில் காய்ந்த தேங்காய் நார், அதற்குமேல் சமையல் எண்ணெய் துடைத்த பழைய பேப்பர் ஒரு கசங்கல், அதற்குமேல் கொட்டைப்பாக்கு அளவில் கரித்துண்டுகள், அப்புறம் பெரிய கரி. கீழ் ஓட்டை வழியாக ஒரே ஒரு தீக்குச்சி. அவ்வளவுதான். பற்றவைத்த கையோடு டின்னுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவார். பார்த்துக்கொண்டே இருந்தால் நெருப்பு வெட்கப்படுமாம். முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு அடங்கும், அடியிலிருந்து ஒவ்வொரு அடுக்காகச் சிவந்துகொண்டு மேலே ஏறும். மேல் கரியில் சாம்பல் பூத்ததும் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "நரைச்சிருச்சு." எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். முதுகு சொல்லும் என்றார்.

குன்றின்மேல் பங்களாவில் இருந்த துரைக்கு அப்போது ஒரு புது மோகம் பிடித்திருந்தது. எண்ணெய்ப் பீப்பாயை நீளவாக்கில் பிளந்து, கம்பிவலை போட்டு, பங்களாவின் பின்பக்கத்தில் நிறுத்தி, சனிக்கிழமை சாயங்காலம் அதில் இறைச்சி சுடுவார். போலீஸ், பட்டாளத்து ஆட்கள் எல்லாரும் வந்து தின்பார்கள். ஆரம்பத்தில் அவர் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் பற்றவைத்தார். ஒருநாள் வெளுத்த துணியைக் கொடுக்கப் போன அக்கா, புருவம் கருகிப்போய் நின்ற துரையையும், ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்த துரைசாணியையும் பார்த்தார்.

"துணிக்கே ஆகாதது வயித்துக்கு ஆகுமா தொரை? நகருங்க," என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் பங்களாவில் கரி பற்றவைப்பது அக்காவின் வேலை. பெரிய பெரிய அதிகாரிகள் கையில் கிளாசோடு, ஒரு டின்னையும் ஒரு முதுகையும் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார்கள்.

லயத்து வேலிக்கும் பங்களா வேலிக்கும் நடுவே கால் மைல் ரப்பர் மரங்கள். பங்களாவில் இருக்கும் கரி ஈரம் என்று அக்கா சொல்லிவிட்டார். கோல சிலாங்கூர் பக்கம் அலையாத்தி மரத்தில் சுட்டெடுக்கும் பக்காவ் கரிதான் அவருக்குச் சரி. அதைத் தன் கொட்டகையிலிருந்தே டின்னில் போட்டு எடுத்துப்போவார். டின்னைப் பங்களாவிலேயே விட்டுவரவும் மாட்டார். "நான் இல்லாத நேரத்துல அதுல மண்ணெண்ணெ ஊத்திருவானுங்க லா," என்பார்.

இந்த நிலைமையில் கேட்டுக்கு ஒரு புது ஆபீசர் வந்தார். இளம் வெள்ளைக்காரர், கண்டிப்பானவர். வேலிக்கு வெளியே எந்தப் பொருள் போனாலும், ஆபீசிலிருந்து இங்கிலீஷில் எழுதிய சீட்டு வேண்டும் என்று உத்தரவு போட்டார். சீட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

இங்கே என் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வேலையில் சேரும்போது ஏழு என்று சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வந்து, "ஒரு டின் கரி, பங்களாவுக்கு. எழுது தம்பி," என்றார். நான் பேனாவை எடுத்தேன். ஒன்று, டின் வரைக்கும் கை சரளமாக ஓடியது. அடுப்புக்கரிக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியவில்லை. பெரிய கிராணியிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். நான்தான் மண்ணெண்ணெய் ஆயிற்றே. கே, ஏ, ஆர், ஐ என்று நாலு எழுத்தை அழகாகச் சாய்த்து எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு ஆள் வந்து என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனால், அக்கா டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆபீசர் கையில் என் சீட்டு. பக்கத்தில் மலாய்க் காவலர் ஒருவர் ஆபீசர் பேச்சை மலாயிலும் அக்கா பேச்சை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். அந்த நாலு எழுத்தை வெள்ளைக்காரர் படித்தாலும் சரி, மலாய்க்காரர் படித்தாலும் சரி, சாப்பிடுகிற கறிதான். சீட்டில் கறி இருக்கிறது. டின்னைத் திறந்தால் அடுப்புக்கரி இருக்கிறது. அப்படியானால் கறி எங்கே போயிற்று? காட்டுக்குப் போய்விட்டது, அதை மறைக்கத்தான் டின்னில் கரியை நிரப்பியிருக்கிறாள். ஆபீசர் இப்படித்தான் முடிவுக்கு வந்திருந்தார். சோறு கடத்தினால் ஜெயில், அல்லது கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"கறி எங்கே என்று கேட்கிறார்," என்றார் காவலர் மலாயில்.

"இதான் கரி," என்று அக்கா டின்னைத் தட்டிக் காட்டினார்.

"அது ஆராங், காக். ஆராங்கை எரிப்பாங்க. கறியைத் திம்பாங்க," என்றார் காவலர். அக்கா என்பதற்கு மலாயில் காக்.

"எங்க பாஷையில ஆராங்தான் கரி."

இதைக் கேட்டு ஆபீசர் சிரித்துவிட்டார். கறி என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று இங்கிலாந்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார். காவலர் நல்ல மனுஷர். "டின்னில் இவ்வளவு ஓட்டை இருக்கிறதே துவான், குழம்பு நிற்காதே," என்று சொல்லிப் பார்த்தார். ஆபீசர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழம்பு இல்லாத கறியாக இருக்கும் என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கேட்டது எனக்கு முக்கால்வாசி புரிந்தது. நீ படித்த கிளார்க். இந்த அம்மாள் 'சார்க்கோல்' என்று கேட்டிருந்தால், நீ சார்க்கோல் என்றுதானே எழுதியிருப்பாய்?

சார்க்கோல். அந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டது அந்த நிமிஷத்தில்தான். அட, இதுதானா என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. வாய் அதுபாட்டுக்கு, "யெஸ் சார்," என்று சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. திருத்தியிருக்கலாம். திருத்தினால், அந்த வார்த்தை எனக்குத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை போய்விடும். நான் தலையைக் குனிந்துகொண்டு என் கால் சப்பாத்தைப் பார்த்தேன்.

காவலர் அக்காவிடம் மலாயில் சொன்னார்: "நீ கறி என்றுதான் சொன்னாய் என்று கிராணி சொல்லிவிட்டார், காக். திங்கட்கிழமை உன்னை விசாரணைக்குக் கொண்டுபோவார்கள். இந்தியாவில் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

"இந்தியாவா? நான் இந்தத் தோட்டத்துலயே பொறந்தவ. அங்க யாரு எனக்குத் துணி போடுவா?" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மண்ணெண்ணெ."

இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பங்களாவில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், கரி வரவில்லை. ஐந்து மணிக்கு, இரும்புத் தகடு அடித்த தன் காரில் துரையே பசியோடு கேட்டுக்கு வந்து இறங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். தோட்டத்தில் பெரிய 'ற'வையும் சின்ன 'ர'வையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமைதான் அன்றைக்குக் காரியத்தைக் கெடுத்தது.

"டோபி, நீ கிராணியிடம் கேட்ட பொருள் கரியா, கறியா?"

"கரிதாங்க தொரை."

"அது இடையினமா, வல்லினமா?"

"ரெண்டும் இல்லீங்க. பக்காவ்."

துரை பொறுமையாக, முதலில் கரி என்று சொல், பிறகு கறி என்று சொல் என்றார். அக்கா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இரண்டையும் சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மலாய்க் காவலரும் ஆர்வம் தாங்காமல் கூடவே சொல்லிப் பார்த்தார். ஆபீசரும் உதட்டைக் குவித்து ஒரு தடவை முயற்சி செய்தார். இரண்டு துப்பாக்கிக்கு நடுவே, ஒரு பெண்ணைக் கப்பலேற்றுவதா வேண்டாமா என்பதற்காக, எல்லாருமாகச் சேர்ந்து கரி, கறி என்று பாடம் படித்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் துரை சலித்துப்போய் என்னைப் பார்த்தார். "கிராணி, இவள் உன்னிடம் கூறியது எந்த ர?"

பெரிய ற என்று சொன்னால் என் நாற்காலி நிற்கும். துரைக்கு அவ்வளவு நம்பிக்கை என்மேல். நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல வாய் முந்திக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கு ஏனோ அது முந்தவில்லை. அக்கா டின்னை மடியில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன ர, தொரை," என்றேன்.

"அப்படியானால் ஏன் சார்க்கோல் என்று எழுதவில்லை?"

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாது தொரை. ஒரு மணி நேரத்துக்கு முன்னாலதான் தெரியும்."

"நீ ஏழாம் வகுப்பு அல்லவா?"

"நாலு, தொரை."

திங்கட்கிழமையிலிருந்து நான் பால் நிறுக்கிற கொட்டகைக்கு மாற்றப்பட்டேன். கிராணி வேலை போயிற்று. அக்காவை அந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் கேட்டில் இருந்த பதிவுப் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக்கூடாது என்பது விதி. ஆகவே ஒரு டின் கறி காணவில்லை என்பது அப்படியே இருந்தது. அந்தக் கறி இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பங்களாவுக்கு நான்தான் டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆபீசரும் வந்திருந்தார். ஊரடங்கு நேரம் நெருங்குகிறது, பசிக்கிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன என்று அவர் கேட்டதைத் துரை தமிழில் சொன்னார். அக்கா தீக்குச்சியைக் கிழித்துக் கீழ் ஓட்டைக்குள் விட்டார். டின்னுக்கும் ஆபீசருக்கும் சேர்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். "தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க."

"இப்பவே வேணுமா?"

"ஆமாக்கா."

"பாத்தியா?" என்றார் அக்கா. "இதுக்கும் மண்ணெண்ணெ."

அடுத்த வாரம் நான் வெளுக்கப் போட்ட சட்டை திரும்பி வந்தது. சுத்தமாகத் துவைத்திருந்தது, ஆனால் இஸ்திரி இல்லை. பந்து மாதிரி சுருட்டி வைத்திருந்தார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. இரண்டாவது மாதத்தில் ஒரு சட்டையை உதறிப் பார்த்தால், கீழ் ஓரத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குக் கத்தி மாதிரி இஸ்திரி. அதற்குமேலே ஒரே கசங்கல்.

எனக்குப் புரிய ஒரு நாள் பிடித்தது. டின்னில் கரி பிடிக்கிற வரிசை அது. அடியிலிருந்து மேலே.

வேறு டோபி கிடையாது. இருந்திருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன். அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் பால் கொட்டகையில் நின்றேன். லயத்து ஜனங்கள் என் சட்டையைப் பார்த்தே நிலவரம் தெரிந்துகொண்டார்கள். "கிராணிக்குக் கடைசிப் பட்டன் தாண்டிருச்சு லா," என்பார் மண்டோர். ஐந்தாம் மாதம் வயிற்றைத் தொட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. டவுனிலிருந்து நல்ல வெற்றிலையும் புகையிலையும் வாங்கிவந்து அக்காவின் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த சட்டையில் இஸ்திரி இரண்டு பட்டன் கீழே இறங்கியிருந்தது. வெற்றிலையை அவர் போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அத்தனை மாதமும் என்னை அவர் "கிராணி" என்றுதான் கூப்பிட்டார். கிராணி வேலை போன பிறகு அப்படிக் கூப்பிட்டவர் அவரும் மண்டோரும்தான். மண்டோர் பழக்கத்தில் கூப்பிட்டார், அக்கா வேண்டுமென்றே கூப்பிட்டார்.

ஒன்பதாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிமூட்டையைப் பிரித்தேன். மேலேயே இருந்தது வெள்ளைச் சட்டை. கை, தோள், காலர் எல்லாம் மொறமொறவென்று நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. அதை முகத்தோடு வைத்து முகர்ந்தேன். வெயிலும் கஞ்சியும் மணத்தன. மண்ணெண்ணெய் வாடை துளிகூட இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டு அக்காவின் கொட்டகை வாசலில் போய் நின்றேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துரையின் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் காத்திருந்தேன். அவரும் திரும்பவில்லை.

"இப்பத்தான் தம்பி நரைச்சிருக்கு," என்றார். "மறுபடியும் மண்ணெண்ணெ ஊத்திராத."

தம்பி என்று அவர் என்னைக் கூப்பிட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.